கழிவுநீர்த் தொட்டியும் இரண்டு சட்டங்களும்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பூங்காவும் நடைபாதையும் வந்துவிட்டன. 2019இல் ஆவடி மாநகராட்சியும் ஆனது. ஆனால் புறநகரில் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் இன்றும் செப்டிக் டேங்க்தான். நிரம்பினால் ஒரு போன், லாரி வரும். குழாயால் உறிஞ்ச முடியாத அடிச்சேற்றுக்கு யாரை இறக்குகிறார்கள், அவர் எந்தச் சாதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1993இல் வந்த முதல் தடைச் சட்டம் உலர் கழிப்பிடங்களைத்தான் பார்த்தது. சாக்கடைக் குழியும் செப்டிக் டேங்கும் அதன் வரையறைக்குள் வரவில்லை. நிர்வாக அதிகாரியின் அனுமதி இல்லாமல் வழக்கும் தொடர முடியாது. உலர் கழிப்பிடம் வைத்திருந்ததில் நகராட்சிகளும் அடக்கம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குற்றம் செய்தவரிடமே சாவியைக் கொடுத்த சட்டம் அது. 2003இல் சஃபாய் கர்மசாரி அந்தோலன் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

இரண்டாவது சட்டம் 2013 டிசம்பர் 6 அன்று, அண்ணல் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் ஆபத்தான முறையில் குழியைச் சுத்தம் செய்ய அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். 'மறைமுகமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். "நான் லாரிக்காரரிடம்தான் சொன்னேன்" என்று வீட்டுக்காரரோ, "அது ஒப்பந்ததாரர் ஆள்" என்று மாநகராட்சியோ தப்ப முடியாது.

ஓட்டையும் அதே சட்டத்தில் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி கொடுத்தால் அது 'ஆபத்தான சுத்தம்' ஆகாது. இயந்திரத்தால் முடியாதபோது உள்ளாட்சித் தலைமை அதிகாரி எழுத்து மூலம் அனுமதித்தால் ஆளை இறக்கலாம் என்கின்றன விதிகள். ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் மூக்கை மரக்கச் செய்யும், பிறகு ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குபவரும் அப்படியே போகிறார். அதற்கு முன்னால் கையுறை எந்த மூலைக்கு?

'கெடுபிடி கூடினால் சின்ன லாரி முதலாளி பிழைக்க முடியாது, வேலை போகும்' என்ற வாதத்தை நானும் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை. உரிமம், ஜிபிஎஸ், நல்ல உறிஞ்சு கருவி எல்லாம் செலவுதான். அந்தச் செலவை இத்தனை நாள் குழிக்குள் இறங்கியவரின் நுரையீரல் கட்டிவந்தது. வேலை போகிறவருக்கு மாற்றுத் தொழில் தருவதும் 2013 சட்டத்தின் கடமையே. அதை யாரும் 'கெடுபிடி' என்று சொல்லிக் கேட்டதில்லை, ஏனென்றால் யாரும் அமல்படுத்தவில்லை.

இறப்புக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. நாட்டிலேயே அதிக மரணங்களைப் பதிவு செய்த மாநிலம் தமிழ்நாடு. தண்டனையோ அரிது. காவல் நிலையத்தில் பெரும்பாலும் 'கவனக்குறைவால் மரணம்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அடுத்த முறை நீங்கள் அங்கே நின்றால், முதல் தகவல் அறிக்கையில் 7, 9 பிரிவுகளோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(j) பிரிவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.