செங்கல்பட்டுக்குப் போன தோட்டா

அந்தத் தோட்டா வெடிப்பதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே அதன் பலம் குறையத் தொடங்கியிருந்தது. நடிகர் எம்.ஆர். ராதா தன் ரிவால்வருக்காக 1950 வாக்கில் வாங்கிய தோட்டாக்கள் இழுப்பறைக்குள் உதிரியாகவே கிடந்தனவாம். இழுப்பறையைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை உருண்டு ஒன்றோடொன்று உரசி வந்தன என்று அந்த வழக்கின் தடயவியலைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்வார்கள். 1967 ஜனவரி 12, வியாழக்கிழமை மாலை, எம்.ஜி.ஆரின் வீடான ராமாவரம் தோட்டத்தில் அவற்றில் ஒன்று அவருடைய இடது காதருகே பாய்ந்தது. அடுத்து வெடித்தவை ராதாவின் தலையிலும் கழுத்திலும் பாய்ந்தன. இருவருமே பிழைத்தார்கள்.

தமிழ்நாடு இந்தச் சம்பவத்தை இரண்டு பெரிய நடிகர்களின் மோதலாக நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அன்று இரண்டு உயிர்கள் தப்பியதற்கான காரணத்தை மனிதர்களிடம் தேடிப் பயனில்லை. அது அந்தத் தோட்டாவுக்குள் இருக்கிறது.

ரிவால்வர் தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு. அதன் அடியில் சிறு தீப்பொறி மருந்து, நடுவில் வெடிமருந்து, வாயில் இறுக்கிச் செருகிய ஈயக் குண்டு. விசையை இழுத்ததும் சுத்தி அடிப்பாகத்தைத் தட்டுகிறது, மருந்து பற்றிக்கொள்கிறது. அது எரிந்து எழும் வாயு குண்டை உடனே தள்ளிவிடக் கூடாது. கூட்டின் வாய் குண்டைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும், அந்தக் கண நேரத்தில் அழுத்தம் ஏற வேண்டும், மருந்து முழுவதும் எரிய வேண்டும். பிடி தளர்ந்திருந்தால் அழுத்தம் சேருவதற்குள்ளேயே குண்டு கிளம்பிவிடும், மருந்தில் ஒரு பகுதி வீணாகிவிடும். வருஷக்கணக்கில் குலுங்கிய தோட்டாவுக்கு இது நேரலாம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மருந்தே கெட்டுப்போகும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் இந்தக் கடலோரத்தில் இரும்புச் சாவியே துருப்பிடிக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் கிடந்த தோட்டா எந்த நிலையில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயன்பட்டது 45 காலிபர் ரிவால்வர். அந்த எண்ணுக்கே ஒரு பயங்கரமான புகழ் உண்டு. பிலிப்பைன்ஸ் போரில் 38 காலிபர் ரிவால்வர்கள் எதிராளியை நிறுத்தவில்லை என்ற புகார் எழுந்தது. அதன் பிறகு, 1904-இல் அமெரிக்க ராணுவத்தின் தாம்சனும் லகார்டும் கால்நடைகள் மீதும் சடலங்கள் மீதும் சுட்டுச் சோதித்து, கைத்துப்பாக்கிக் குண்டு 45-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். பெரிய குண்டு என்றால் நிச்சயச் சாவு என்ற நம்பிக்கை அப்போதே வேர்விட்டது. அது தவறு என்பதற்கு ராமாவரம் தோட்டமே சான்று. குண்டு எவ்வளவு அகலம் என்பதைவிட, எவ்வளவு ஆழம் போகிறது, போகும் வழியில் எதைத் தொடுகிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதை 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் பெரும் விலை கொடுத்துக் கற்றது. கொள்ளையன் ஒருவனின் கைக்குள் நுழைந்து மார்புக்குள் போன 9 மில்லிமீட்டர் குண்டு, இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். இதற்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோல், சதைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பது.

மனிதக் கழுத்தின் குறுக்களவு இதில் பாதிகூட இல்லை. நல்ல நிலையில் உள்ள 45 தோட்டா, அத்தனை அருகிலிருந்து சுட்டால், அதைக் கடந்து மறுபக்கம் போகக்கூடியது. ராமாவரத்தில் பாய்ந்த குண்டு கழுத்துக்குள்ளேயே நின்றது.

அது நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். அன்று மாலை ஐந்து மணியளவில் ராதாவும் தயாரிப்பாளர் வாசுவும் எம்.ஜி.ஆரைச் சந்திக்கப் போயிருந்தார்கள். வாசு, முந்தைய மாதம் வெளியான ‘பெற்றால்தான் பிள்ளையா’ படத்தைத் தயாரித்தவர். எம்.ஜி.ஆர். வாசுவுடன் பேசிக்கொண்டிருந்தபோது குண்டு இடது காதருகே நுழைந்து, தலையைத் தாங்கும் முதல் கழுத்தெலும்பின் அருகே தங்கியது. அந்தச் சிறு இடத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி இருக்கிறது. குரல்வளையை இயக்கும் நரம்பும் நாக்கை அசைக்கும் நரம்பும் அங்கேதான் இறங்குகின்றன. எலும்புக்குள் தண்டுவடம் ஓடுகிறது. குண்டுக்கு இன்னும் சிறிது வேகம் மிஞ்சியிருந்தால் இவற்றில் ஏதோ ஒன்று அறுந்திருக்கும். தமனியும் தண்டுவடமும் தப்பின. குரல் தப்பவில்லை. இடது காதின் கேட்கும் திறனும் போனது.

இருவரையும் முதலில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பிறகு சென்னைப் பொது மருத்துவமனைக்கு மாற்றினார்கள். கழுத்தெலும்பை ஒட்டிய குண்டை அவசரப்பட்டுத் தோண்டி எடுப்பது அதை விட்டுவைப்பதைவிட ஆபத்து என்று மருத்துவர்கள் கருதினார்கள். மறுநாள் பொங்கல் வெளியீடாக ‘தாய்க்குத் தலைமகன்’ திரைக்கு வந்தது. ஐந்தாவது நாள் எம்.ஜி.ஆருக்கு ஐம்பது வயது நிறைந்தது.

தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது. கழுத்தில் கட்டுடன் தி.மு.க. வேட்பாளர் எம்.ஜி.ஆர். படுத்திருக்கும் சுவரொட்டி ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதிக்குள் காலெடுத்து வைக்காமலேயே அவர் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, அண்ணா முதல்வரானார். அந்த வெற்றியைக் குண்டின் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படி எழுத மாட்டேன். அரிசித் தட்டுப்பாடும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் காங்கிரஸ் மீது மூட்டிவிட்டிருந்த கோபம் போதுமான அளவு பெரியது.

இனி அன்று வெடித்த குண்டுகளுக்கு வேறொரு வேலை இருந்தது, சாட்சி சொல்லும் வேலை. ராமாவரம் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனால் வழக்கு சைதாப்பேட்டை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடங்கி, செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது. கொலை முயற்சி, தற்கொலை முயற்சி, ஆயுதச் சட்டப் பிரிவுகள். எம்.ஜி.ஆர்.தான் முதலில் சுட்டார் என்பது ராதா தரப்பின் வாதம். எம்.ஜி.ஆரிடமும் ஒரு ரிவால்வர் இருந்தது என்பதால் அதைக் கேட்டமாத்திரத்தில் ஒதுக்கிவிட முடியாது. தற்காப்பா தாக்குதலா என்ற கேள்வி இங்கே எந்தத் துப்பாக்கி எந்தக் குண்டைச் சுட்டது என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது.

அதற்கு விடை சொல்லும் முறை இப்படி. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகு திருகாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள், குண்டு சுழன்று நேராகப் போவதற்காக. மென்மையான ஈயத்தின் மேல் அந்தப் பள்ளங்களும் மேடுகளும் வரிவரியாகப் பதிந்துவிடும். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு குழல்களின் நுண்ணிய கீறல்கள்கூட ஒத்துப்போவதில்லை. சந்தேகத்துக்குரிய துப்பாக்கியால் ஆய்வகத்தில் சுட்டு, அந்தக் குண்டையும் சம்பவக் குண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியின் அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி சேர்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மருந்து கெட்டுப்போன தோட்டாவிலிருந்து சோர்வாகக் கிளம்பிய குண்டானாலும் குழலுக்குள் உரசித்தான் வெளியே வந்தாக வேண்டும். நீதிமன்றத்தில் விஞ்ஞானச் சாட்சியம் சென்னைக்குப் புதிதல்ல. நாட்டிலேயே முதலாவது வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் இங்கேதான் அமைந்தது.

1967 நவம்பர் 4 அன்று செங்கல்பட்டில் நீதிபதி லட்சுமணன் தீர்ப்பளித்தார். எம்.ஜி.ஆரைச் சுட்டதும் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதும் ராதாதான் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் குறைந்தது. ராதா விடுதலையாகி மறுபடி நடிக்க வந்தார்.

தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பே ‘காவல்காரன்’ வெளியாகியிருந்தது. அதில் எம்.ஜி.ஆர். வேறொருவரை வைத்துக் குரல் கொடுக்க மறுத்தார். மாறிய குரலிலேயே பேசினார். வசனத்தைத் தடையில்லாமல் உருட்டிப் பேசிய ஒரு நடிகருக்கு அது எளிய முடிவல்ல. அவர் எடுத்த முடிவுகளில் இதை மிகத் துணிச்சலானதாக மதிக்கிறேன். மக்கள் அந்தக் குரலை ஏற்றார்கள். பத்தாண்டு கழித்து முதல்வராக அவர் மேடையேறியபோதும் அதே குரலில்தான் பேசினார்.

தற்காப்புக்கு என்று வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் எந்தக் காலிபர் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, அது யார் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கிறது என்பது. இழுப்பறையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் கிடந்த தோட்டா வீட்டுக்காரரை எந்தத் திருடனிடமிருந்தும் காப்பாற்றவில்லை. ஒரு கோபமான மாலையில் அது கைக்கு எட்டியது, அவ்வளவுதான். இன்று தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். சிலர் அதைத் தொந்தரவாக நினைக்கிறார்கள். ராமாவரத்தில் அந்தத் தோட்டா வெடித்ததும் ஒரு தேர்தல் காலத்தில்தான்.