நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

பாசிக்குடாவிலிருந்து வாழைச்சேனை, ஓட்டமாவடி கடந்து போனால் மஜ்மா நகர் மையவாடி. கட்டாய எரிப்பு முடிவுக்கு வந்தபின், 2021 மார்ச் 5 முதல் நாடெங்கிலுமிருந்து கொவிட் ஜனாஸாக்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. ஒரு வருடத்தில் 3,600க்கும் அதிகமானோர் அடக்கப்பட்டார்கள். ஏனைய சமயத்தவரும் அவர்களில் இருக்கிறார்கள்.

அந்த வரலாற்றை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதிகம் பேசாத கேள்வி ஒன்று உண்டு. கொவிட்டால் மரணித்தவர்களில் பெரும்பாலானோர் ஏன் 60 வயதைக் கடந்தவர்கள்? ஒரே வீடு, ஒரே கிருமி. பேரப்பிள்ளைக்குத் தடிமன், மூத்தவருக்கு மூச்சுத்திணறல்.

விடையின் ஒரு பகுதி நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அதன் பெயர் தைமஸ் சுரப்பி. ஆசிரியர்களான நமக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. அது ஒரு பள்ளிக்கூடம். எலும்பு மச்சையில் பிறக்கும் இளம் கலங்கள் அங்கே வந்து, எது தன் உடல், எது அந்நியம் என்று படிக்கின்றன. பரீட்சை கடுமையானது, பெரும்பாலானவை சித்தியடையாமல் அங்கேயே அழிகின்றன. சித்தியடைந்தவைதான் நம்மைக் காக்கும் ரீ கலங்கள்.

பருவ வயதுக்குப் பின் இந்த வகுப்பறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அவ்விடத்தில் கொழுப்பு நிறைகிறது. பழைய மாணவர்கள் உடலில் இருக்கிறார்கள், பழைய கிருமிகளை அவர்களுக்குத் தெரியும். முன்பின் அறியாத கிருமி வரும்போதோ புதியவர்கள் தேவை. முதுமையில் அவர்கள் மிகக் குறைவு.

இது வைத்திய உலகுக்கே நீண்டகாலம் விளங்கவில்லை. அக்காலத்தில் பரிசோதிக்கப்பட்ட பிரேதங்கள் பெரும்பாலும் நோயிலும் வறுமையிலும் வாடிய ஏழைகளுடையவை. நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும். சுருங்கிய அந்த அளவையே சரியான அளவென நம்பியதால், ஆரோக்கியமான குழந்தைகளின் தைமஸ் வீங்கியிருப்பதாகத் தோன்றியது. கதிர்வீச்சுக் கொடுத்துச் சுருக்கினார்கள். அக்குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் தைரொயிட் புற்றுநோய் வந்தது.

1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்தவுடன் சுண்டெலிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை தொற்றுக்கு இரையாகின. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் எதிர்க்கவில்லை. அப்போதுதான் சுரப்பியின் வேலை தெரியவந்தது.

மூடிய பள்ளியை மீண்டும் திறக்கலாமா? ஓமோன்களுக்கும் தைமஸுக்கும் தொடர்புண்டு என்பதற்கு 1898இலேயே தடயம் கிடைத்தது. விதை நீக்கிய முயல்களின் தைமஸ் பெரிதாக இருப்பதைக் கல்சோலாரி கண்டார். பாலியல் ஓமோன்கள் அதைச் சுருக்குகின்றன என்பது பின்னர் தெளிவானது. 1986இல் கீத் கெல்லியின் குழு, வளர்ச்சி ஓமோன் சுரக்கும் கலங்களை வயதான எலிகளில் வைத்தது. சுருங்கிய தைமஸ் மீண்டும் வளர்ந்தது.

பின்னர் மனிதர்களிலும் முயன்றார்கள். அமெரிக்காவில் கிரெகரி ஃபேஹி, 51 முதல் 65 வயதான 9 ஆண்களுக்கு வளர்ச்சி ஓமோன் கொடுத்தார். அது இரத்தத்தில் சீனியை ஏற்றிவிடும் என்பதால், டிஎச்இஏ எனும் ஓமோனும் மெட்ஃபோமினும் சேர்க்கப்பட்டன. 2019இல் முடிவு வெளியானது. 7 பேரின் தைமஸில் கொழுப்புக் குறைந்து, அங்கே புதிய இழையம் வளர்ந்ததற்கான அடையாளம் தெரிந்தது. ஆனால் 9 பேர் மட்டுமே, ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை. அவர்கள் நோயை வெல்வார்களா, நீண்டநாள் வாழ்வார்களா என்பதை இந்த ஆய்வு சொல்லவில்லை.

இது நம்பிக்கை தரும் ஆரம்பம், ஆனால் இன்னும் சிகிச்சை அல்ல. இளமையை மீட்கும் ஓமோன் ஊசி என்று எவராவது விற்க வந்தால், கதிர்வீச்சுப் பெற்ற அந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்வோம். அரைகுறை அறிவோடு அவசரப்பட்டதன் விலையை அவர்கள்தான் செலுத்தினார்கள். நீரிழிவு இருக்கும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அதுவரை நம் வாப்பா, உம்மாவுக்கு நாம்தான் காவல். வைத்தியர் சொல்லும் தடுப்பூசியைத் தவறாமல் போடுவிப்போம். நமக்கு இருமல் காய்ச்சல் என்றால் முகக்கவசம் அணிவோம், அவர்கள் பக்கத்தில் போய் இருக்காமல் தள்ளி நிற்போம். பிள்ளைகளுக்கும் காரணத்தோடு சொல்லிக் கொடுப்போம். நமக்கு வெறும் தடிமனாக வருவது அவர்களுக்கும் தடிமனாகவே முடியும் என்று எண்ணிவிடக் கூடாது.