கெண்ட் நகரத்துப் படிப்பணம்

பெல்ஜியத்தின் கெண்ட், பஞ்சாலைகளின் ஊர். நூல் விலை சரிந்தால் ஆலை நிற்கும், கூலியும் நிற்கும். வேலையிழந்த உறுப்பினருக்குத் தொழிற்சங்கமே சந்தாப் பணத்திலிருந்து சிறு படி கொடுத்துவந்தது. மந்தம் நீண்டால் சங்கப் பெட்டி காலி.

1901-ல் வழக்கறிஞர் லூயி வார்லே வகுத்த திட்டத்தை நகராட்சி ஏற்றது. சங்கம் கொடுக்கும் படியோடு நகராட்சியும் ஒரு பங்கு சேர்க்கும்; இரண்டும் சங்கத்தின் வழியாகவே தொழிலாளியின் கைக்குப் போகும். யாருக்கு உண்மையிலேயே வேலை போயிற்று, யார் பொய் சொல்கிறார் என்பது சங்கத்துக்குத்தானே தெரியும்! சங்கத்தில் சேராமல் தனியே சேமித்தவருக்கும் உதவி உண்டு என்று விதி இருந்தது. அந்தக் கூலியில் சேமிக்க முடிந்தவர்கள் மிகச் சிலரே.

இந்த ஏற்பாடு வடக்கே பரவியது. நார்வே 1906-லும் டென்மார்க் 1907-லும் எடுத்துக்கொண்டன. ஸ்வீடன் 1934-ல் சட்டமாக்கியது. நார்வே மட்டும் 1938-ல் அதைக் கைவிட்டு, அரசே நடத்தும் கட்டாயக் காப்பீட்டுக்கு மாறியது. நார்வேயும் ஸ்வீடனும் அண்டை நாடுகள். மொழியும் அரசியலும் நெருக்கமானவை. ஆனாலும் இன்று நார்வேயில் ஏறக்குறைய பாதித் தொழிலாளர்கள்தான் சங்கத்தில் இருக்கிறார்கள். வேலையின்மை நிதிகள் பெரும்பாலும் சங்கங்களோடு இணைந்தே நடக்கும் ஸ்வீடனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்.

பிரான்சில் பத்தில் ஒருவர்தான் உறுப்பினர். அங்கே சங்கம் போடும் ஊதிய ஒப்பந்தம் உறுப்பினர் அல்லாதவரையும் சேர்த்து அநேகமாக எல்லோருக்கும் பொருந்திவிடுகிறது; அதனால் சேர வேண்டிய தேவை குறைவு. அமெரிக்காவிலும் பத்தில் ஒருவர்தான், ஆனால் காரணம் நேர்மாறு: 1935-ன் சட்டப்படி சங்கம் பெரும்பாலும் ஒவ்வொரு பணியிடமாக ஆதரவு திரட்டி, முதலாளியின் எதிர்ப்பைத் தாண்டித்தான் உள்ளே நுழைய முடியும். இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு நாட்டுத் தொழிலாளிக்கு ஒற்றுமை உணர்வு குறைவு என்று பழிபோடுவது அநியாயம்.

ஸ்வீடனில் நடந்ததே இதற்குச் சாட்சி. 2007-ல் அங்கே ஆட்சியிலிருந்த வலதுசாரிக் கூட்டணி, வேலையின்மை நிதிக்கான கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியது. மறு ஆண்டு, வேலையின்மை அதிகமுள்ள தொழிலுக்குக் கட்டணமும் அதிகம் என்றாக்கியது. ஓட்டல் தொழிலாளிகளைப் போன்ற குறைந்த கூலிக்காரர்கள்மீதே பெரிய சுமை விழுந்தது. 2006-ல் 77 சதவீதமாக இருந்த உறுப்பினர் விகிதம், இரண்டே ஆண்டில் 71 ஆனது. 2014-ல் கட்டண வேறுபாடு நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் உடலுழைப்புத் தொழிலாளர்களிடையே சங்க உறுப்பினர் விகிதம் பெரும்பாலும் இறங்கியே வந்தது.