விளம்பரப் பிழை: சிறு வணிகருக்கான சட்ட வழிகள்

காசு வாங்கிக்கொண்ட விளம்பரத்தைப் பத்திரிகையோ தொலைபேசி விவரக்கொத்தோ தப்பாக அச்சிட்டால், அல்லது போடாமலே விட்டுவிட்டால், அது ஒப்பந்த மீறல். கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலே கடைக்கு வரவேண்டிய அழைப்பு யார் வீட்டிலோ ஒலிக்கும். வழக்குப் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். எவ்வளவு தேறும் என்பதில்தான் சிக்கல். விளம்பரம் போடச் சொல்லிக் கொடுக்கும் ரிலீஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனை பெரும்பாலும் அதை முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது: ‘பிழை நேர்ந்தால் விளம்பரக் கட்டணத்துக்கு மேல் பொறுப்பில்லை.’

கலிஃபோர்னியாவின் சொனோமா நகரில் ஒரு பயண முகவர் நிலையம் ‘எக்ஸாட்டிக்’ பயணங்கள் என்று எழுதிக் கொடுத்தது. தொலைபேசி விவரக்கொத்தின் 1988ஆம் ஆண்டு மஞ்சள் பக்கங்களில் அது ‘எராட்டிக்’ என்று அச்சாகி, சுற்றுலா காமச் சுற்றுலாவாகிவிட்டது. மாதம் 230 டாலர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய விவரக்கொத்து நிறுவனம் முன்வந்தது. பயண நிலைய உரிமையாளரோ 1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்தப் பொடி எழுத்துத் தகராறு முழுவதும் இந்த இரண்டு தொகைகளின் இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

அமெரிக்க நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பல மாநிலங்கள் நிபந்தனையை அப்படியே ஏற்றன. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1984இல் மறுத்தது. ராசின் நகரத் துணிக்கடை ஒன்றின் விளம்பரம் கடைப்பெயர் இல்லாமலே வெளிவந்திருந்தது. மஞ்சள் பக்கங்களை விட்டால் வணிகருக்குப் போக்கிடம் இல்லாத காலம் அது. பேரம் பேசவே வழியில்லாதவர் மீது சுமத்தப்பட்ட அந்த நிபந்தனை செல்லாது என்றது தீர்ப்பு.

அச்சில் மட்டுமல்ல, ஆகாயத்திலும் பிழை நேர்ந்திருக்கிறது. 1937 நவம்பர் 11 அன்று, இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் போரில் மாண்டவர்களுக்காக மக்கள் இரண்டு நிமிட மௌனம் காத்துக்கொண்டிருந்தார்கள். ‘பேச்சலர்ஸ் பட்டாணி சாப்பிடுங்கள்’ என்ற பதாகையை இழுத்தபடி அவர்கள் தலைக்கு மேலே ஒரு விமானம் பறந்தது. எங்கே பறக்கப்போகிறோம் என்று விமானி பேச்சலர்ஸ் கம்பெனியைக் கேட்டுவிட்டே பறக்க வேண்டும் என்பது ஏற்பாடு; அன்று அவர் கேட்கவில்லை. பேச்சலர்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று 1938இல் தீர்ப்பாயிற்று. கெட்ட பெயரால் விற்பனை விழுந்தால் அந்தப் பண இழப்பையும் கேட்கலாம் என்பதற்கு இன்றும் இவ்வழக்கே மேற்கோள்.

இந்தியாவில் அடிப்படை, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 73. மீறலிலிருந்து இயல்பாக விளைந்த இழப்புக்கு நட்டஈடு உண்டு. தொலைதூர, மறைமுக இழப்புக்குக் கிடையாது. தீபாவளித் தள்ளுபடி விளம்பரம் தீபாவளிக்கு மறுநாள் வந்தால் என்ன ஆகும் என்பது பதிப்பாளருக்கும் தெரிந்ததுதான். அங்கே வணிகர் கை ஓங்கும். இழப்பைக் குறைக்க வணிகர் என்ன செய்தார் என்றும் நீதிமன்றம் பார்க்கும்.

பொடி எழுத்து விஷயத்தில் நம் தீர்ப்புகளும் இரு திசையில் இழுக்கின்றன. சலவைக்குப் போட்ட சேலை தொலைந்த வழக்கில், விலையில் ஒரு பகுதிதான் தருவோம் என்ற ரசீது நிபந்தனையைப் பொதுநலனுக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1960களில் தள்ளியது. ஆனால் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், கூரியர் தாளில் கையெழுத்திட்டவரை அதிலிருந்த 100 டாலர் வரம்பு கட்டுப்படுத்தும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சமமில்லாத பேரத்தில் பிறந்த அநியாய நிபந்தனை செல்லாது என்று 1986இல் கூறியபோதும், இருதரப்பும் வணிகர்களானால் இது பொருந்தாமல் போகலாம் என்று அதே நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்துவைத்தது. பெட்டிக்கடைக்காரரையும் பெரிய பத்திரிகையையும் ஒரே தட்டில் வைக்கும் இந்த வாசகம் நியாயமாகப் படவில்லை.

நுகர்வோர் ஆணையம் செலவு குறைந்த வழி. செலுத்திய கட்டணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். ‘வணிக நோக்கம்’ என்ற தடை மட்டும் குறுக்கே நிற்கும். சொந்த உழைப்பில் பிழைப்பவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அதன் விளக்கக் குறிப்பு வாங்கிய பொருளைத்தான் சொல்கிறது, சேவையைச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்.

பிழை கண்ணில் பட்டதுமே எழுத்தில் புகார் கொடுத்து, திருத்திய விளம்பரத்தை இலவசமாக மறுபடி போடச் சொல்வது நல்லது. பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். வணிகர் தாமே பார்த்து ஒப்புதல் தந்த புரூஃபில் அதே பிழை இருந்தால் வழக்கு ஏறக்குறைய கைநழுவின மாதிரிதான். வெளியான பக்கம், ரிலீஸ் ஆர்டர், ரசீது, முந்தைய ஆண்டுகளின் ஜிஎஸ்டி கணக்கு ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால், பிழை நேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டும் சிவில் நீதிமன்றத்துக்குப் போக 3 ஆண்டும் அவகாசம் உண்டு.