சில்கா ஏரியும் சிறகுடை விருந்தினரும்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் காலனிக் குடும்பத்தார் குர்தா ரோடு நிலையத்தில் வண்டியேறிச் சிறிது நேரம் சென்றதும், இடப்புறச் சன்னல்களில் குழந்தைகள் நெருக்கியடிப்பது வழக்கம். பாலுகாவ் நிலையம் கடந்து ரம்பா வரும்வரை, பரந்த நீர்ப்பரப்பு ஒன்று இருப்புப்பாதையை ஒட்டியே வரக் காணலாம். "கடல், கடல்!" என்று குழந்தைகள் கூவுவர். அது கடலன்று; சில்கா ஏரி. 1893 முதல் 1896 வரை கீழைக் கடற்கரை இருப்புப்பாதை போடப்பட்ட நாள்தொட்டு, இவ்வழிச் செல்வோர் அனைவரும் கண்டு மகிழ்ந்த ஏரி அது. அவ்வேரி ஒருமுறை அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட வரலாற்றை நம்மில் பலர் அறியார். அதனைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில்கா, நம் நாட்டின் கடற்கரைக் காயல்களுள் மிகப் பெரியது. மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும்; கோடையில் 900 சதுர கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கும். வடக்கே மகாநதியின் கிளைகளாகிய தயா, பார்கவி முதலிய ஆறுகள் நன்னீரைக் கொணர்கின்றன. கிழக்கே முகத்துவாரத்தின் வழியே வங்கக்கடலின் உவர்நீர் ஏறி இறங்குகின்றது. இவ்விரு நீரும் அளவோடு கலப்பதிலேயே ஏரியின் உயிர் இருக்கின்றது. கலப்பு சரியாக இருப்பின் மீனும் இறாலும் நண்டும் பெருகும். நீரடிப் புல் செழிக்கும். அவற்றை நாடிப் பறவைகள் வரும். பனிக்காலந்தோறும் காஸ்பியன் கடற்பகுதி, பைக்கால் ஏரி, மங்கோலியா, லடாக் முதலிய தொலைவிடங்களிலிருந்து ஊசிவால் வாத்துகளும், வரித்தலை வாத்துகளும், கருவால் மூக்கன்களும் இலட்சக்கணக்கில் ஈண்டு வந்திறங்குகின்றன. ஏரியின் நடுவே மழைக்காலத்தில் மூழ்கிப் பனிக்காலத்தில் எழும் நளபனத் தீவு, 1987-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஈர நிலங்களைக் காப்பதற்காக 1971-ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 1981-இல் அவ்வுடன்படிக்கைப் பட்டியலில் இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஏறிய இரண்டு இடங்களுள் சில்கா ஒன்று.

இத்துணைப் பெருமையுடைய ஏரிக்குத் துன்பம் மூன்று வழியில் வந்தது.

முதலாவது, வண்டல். ஆறுகள் கொணர்ந்த மண்ணும், கடலலை ஒதுக்கிய மணலும் சேர்ந்து முகத்துவாரத்தை அடைத்தன. கடல்நீர் வரத்துக் குறைந்தது. நன்னீர்க் களை பரவியது. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 8,000 டன்னுக்கு மேல் கிடைத்த மீன், 1990-களின் நடுவில் 1,300 டன் அளவுக்கு வீழ்ந்தது.

இரண்டாவது, பேராசை. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும், பணமுள்ளோர் ஏரியின் ஓரங்களை மண்ணணையாலும் வலையாலும் வளைத்துப் பண்ணைகளாக்கினர். தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்ந்தோர் தம் நீரிலேயே அயலார் ஆயினர். பெருநிறுவனம் ஒன்றும் மாநில அரசும் கூட்டாக வகுத்த இறால் பண்ணைத் திட்டத்தை எதிர்த்து, 1991, 1992-ஆம் ஆண்டுகளில் மீனவரும் மாணவரும் ஒருங்கே கிளர்ந்தெழுந்தனர். திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் சட்டத்திற்குப் புறம்பான வளைப்புகள் ஒழியவில்லை. 1999 மே மாதத்தில் சோரணா என்னும் சிற்றூரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஏரிக்காக மனித உயிர்களும் பலியாயின என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் தமிழர் ஒருவரை நன்றியுடன் நினைத்தல் வேண்டும். சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன், நாகப்பட்டினக் கடற்கரையில் இறால் பண்ணைகளால் வயலும் குடிநீரும் உவர்ப்பாவதைக் கண்டு, 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கிட்டார். 1996 டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. கடற்கரை ஒழுங்கு மண்டலத்தில் இறால் குட்டைகள் கூடா என்றும், சில்கா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டர் எல்லைக்குள் அத்தொழில் நடத்தலாகாது என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. தஞ்சைத் தரணியின் ஏழை உழவருக்காகத் தொடுத்த வழக்கு ஒடிசாவின் ஏரிக்கும் காப்பாயிற்று. பின்னர் 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அத்தீர்ப்பின் கடுமை தளர்ந்தது உண்மையே. எனினும் கடற்கரை பொதுச்சொத்து என்னும் எண்ணத்தை நாடெங்கும் ஊன்றிய பெருமை அவ்வழக்கைச் சாரும்.

மூன்றாவது துன்பம் வேட்டை. இதனை எழுதுங்கால் என் கை சற்றே தயங்குகின்றது. என் தந்தையாரும் இருப்புப்பாதை ஊழியரே. நான் சிறுவனாக இருந்தபோது, மார்கழி, தை மாதங்களில் எங்கள் குவார்ட்டர்ஸின் கொல்லைப்புறத்திற்குச் சாக்குப்பையுடன் ஒருவர் வருவார். பையினுள் வாத்துகள் இருக்கும். கோழியினும் மலிவாகக் கிடைத்தமையால் என் தாயார் வாங்கிச் சமைப்பார். நாங்களும் சுவைத்து உண்டோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கியிருந்ததை அந்நாளில் எங்கள் வீட்டில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. மலைகளைக் கடந்து வந்த விருந்தினரையே நாங்கள் உண்டோம் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அவ்வேட்டைக்குப் பேர்போன ஊர் மங்களாஜோடி. நஞ்சாலும் வலையாலும் துப்பாக்கியாலும் அங்குப் பறவைகள் கொல்லப்பட்டன. இலட்சங்கள் சில ஆயிரங்களாயின. பறவைப் பற்றாளர் சிலர் அவ்வூரில் தங்கி, வேட்டைக்காரரிடமே பேசி, மனத்தை மாற்றினர். 2000-ஆம் ஆண்டு அளவில் வேட்டையாடியவரே காவற்குழு அமைத்தனர். பறவை எங்கு மேயும், எங்கு துயிலும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தார் எவருமிலர்! இன்று அவர்கள் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் இருந்து பிழைக்கின்றனர். பறவைகளும் இலட்சக்கணக்கில் திரும்பி வந்துள்ளன.

ஏரியும் மீண்டது. 1991-இல் அமைக்கப்பட்ட சில்கா மேம்பாட்டு ஆணையம், வல்லுநர் ஆராய்ச்சியின் பயனாக, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் ஒன்றை வெட்டியது. கடல்நீர் வந்துசெல்லும் வழி 18 கிலோமீட்டர் குறைந்தது. களை குறைந்தது, 2001-02-ஆம் ஆண்டில் மீன் விளைவு 11,000 டன்னைத் தாண்டியது. ஆபத்திலுள்ள ஈர நிலங்களைக் குறிக்கும் மாண்ட்ரோ பதிவேட்டில் 1993-இல் ஏறிய சில்காவின் பெயர் 2002-இல் நீக்கப்பட்டது. ஆசியாவில் அவ்வாறு நீங்கிய முதல் ஏரி இதுவே. அவ்வாண்டே ராம்சார் விருதும் கிட்டியது.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ள வேண்டிய படிப்பினை யாது? ஏரியைக் கெடுத்தவர்கள் மனிதர்களே, மீட்டவர்களும் மனிதர்களே. மீட்புக்கு அறிவியலும் வேண்டியிருந்தது, நீதிமன்றமும் வேண்டியிருந்தது, வேட்டைக்காரரின் மனமாற்றமும் வேண்டியிருந்தது. ஒன்று குறைந்திருப்பினும் முழுப்பயன் விளைந்திராது.

நம் பங்கு சிறிது, ஆயினும் உண்டு. காளிஜாய் தீவுக்கும் சாதபடாவுக்கும் சுற்றுலா செல்லும்போது, ஓங்கில்களையும் பறவைகளையும் துரத்திக் காட்டுமாறு படகோட்டியை வற்புறுத்தாதிருப்போம். உணவுப் பொட்டலங்களை நீரில் எறியாதிருப்போம். இன்னொன்றும் சொல்வேன். ஓய்வு பெற்றபின் ஊரில் மனை வாங்க எண்ணுவோர் நம்மில் பலர். அம்மனை முன்னர் ஏரியாகவோ கழிவெளியாகவோ இருந்ததா என்று கேட்டறிந்து வாங்குவோம். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறியது; ஆனால் அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடங்களாலும் குப்பையாலும் மறைந்துவிட்டது. அங்குக் குடியேறியோர் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தாரே.

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்தவர் நாம். வந்த இடத்தில் தங்க நிழலும் உண்ண உணவும் இம்மண் நமக்கு ஈந்தது. அவ்வாறே நாடி வரும் பறவைக்கும் ஓரிடம் விட்டுவைப்பது நம் கடன். அடுத்த முறை பாலுகாவ் வரும்போது குழந்தைகளிடம், "அது கடலன்று, சில்கா" என்று கூறி, இக்கதையையும் கூறுவீர்களாக.