உக்ரேனிய மக்களின் போராட்டமும் சுயநிர்ணய உரிமையும்

2022ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் திகதி ருஷ்ய ஜனாதிபதி விளாடிமிர் புட்டின் தமது நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், இன்றைய உக்ரேன் போல்ஷெவிக்குகளால், அவர்களுள்ளும் சிறப்பாக லெனினால், உருவாக்கப்பட்டதொரு நாடு எனக் கூறினார். மூன்று நாட்களின் பின்னர் அவருடைய படைகள் அந்நாட்டின் எல்லையைக் கடந்தன. வரலாறு பற்றிய ஒரு கூற்று படையெடுப்புக்கு நியாயமாக முன்வைக்கப்படுமிடத்து, அக்கூற்றின் மெய்ம்மையை ஆராய வேண்டிய கடமை வரலாறு பயில்வோருக்கு உண்டு. நமக்கோ இக்கடமை சற்று அதிகம் எனலாம். ருஷ்யாவைப் பற்றி நம்மிற் பலர் அறிந்தவை மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட மலிவு விலைத் தமிழ் நூல்களின் வாயிலாக வந்தவையே. அவற்றில் உக்ரேன் சோவியத் குடும்பத்தின் மனநிறைவு மிக்க ஓர் உறுப்பினராகவே காட்சியளித்தது. கோகொலை நாம் ருஷ்ய எழுத்தாளராக மட்டுமே படித்தோம்; அவர் உக்ரேனின் பொல்தாவாப் பகுதியிற் பிறந்தவர் என்பது நம் கவனத்தைக் கவரவில்லை.

உக்ரேனியத் தேசிய இயக்கத்தின் தோற்றத்தைக் காண 1917ஆம் ஆண்டுக்கு மிக முன்னரே செல்லுதல் வேண்டும். 1654இல் கொசாக்குகளின் தலைவனான பொஹ்டான் ஹ்மெல்னிட்ஸ்கி, போலந்துக்கு எதிரான போரில் மாஸ்கோவின் உதவியை நாடிப் பெரெயஸ்லாவ் என்னுமிடத்தில் சார் மன்னனின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டான். கொசாக்குகள் இதனை நிபந்தனைகளுக்குட்பட்ட உடன்பாடாகக் கருதினர். மாஸ்கோ இதனை அடிபணிவாகக் கொண்டது. இரு தரப்பினரும் ஒரே நிகழ்ச்சியை இவ்வாறு வெவ்வேறாக விளங்கிக்கொண்டமையின் விளைவு பின்வந்த நூற்றாண்டில் வெளிப்பட்டது. பேரரசி இரண்டாம் கத்தரீன் 1764இல் கொசாக்குத் தலைவர் பதவியை ஒழித்தாள். 1775இல் சப்போரோஷியக் கொசாக்குகளின் கோட்டை தகர்க்கப்பட்டது. 1783இல் அங்குள்ள விவசாயிகள் நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமைகளாயினர். சுயாட்சியின் இழப்பும் உழவரின் சுதந்திர இழப்பும் ஒரே ஆட்சியாளரின் கையால், இருபது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதனாலேயே உக்ரேனியரின் தேசியக் கவிஞன் பிரபுக்கள் குலத்திலன்றிப் பண்ணையடிமைக் குடும்பமொன்றில் தோன்றினான். 1814இற் பிறந்த தாராஸ் ஷெவ்சென்கோ, 1838இல் விலை கொடுத்து மீட்கப்படும்வரை இன்னொருவரின் உடைமையாக இருந்தவன். அவனது 'கொப்சார்' 1840இல் வெளிவந்தது. சிலாவிய மக்கள் சமத்துவத்துடன் இணைந்த கூட்டாட்சியொன்றை அமைக்க வேண்டுமெனக் கனவுகண்ட இரகசியச் சங்கமொன்றின் தொடர்பில் 1847இல் அவன் கைதாகிப் படைச் சேவைக்கென நாடு கடத்தப்பட்டான். எழுதவோ ஓவியம் தீட்டவோ கூடாதெனப் பேரரசன் முதலாம் நிக்கொலஸ் தன் கைப்படக் கட்டளை இட்டான்.

ஒரு மனிதனுக்கு விதிக்கப்பட்ட தடை பின்னர் ஒரு மொழிக்கே விதிக்கப்பட்டது. 1863இல் உள்நாட்டு அமைச்சர் வலுயேவ் பிறப்பித்த சுற்றறிக்கை, 'சிறு ருஷ்ய' மொழி எனத் தனியானதொரு மொழி இருந்ததுமில்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தைக் காரணமாகக் காட்டிப் பாடநூல்களையும் சமய நூல்களையும் தடுத்தது. 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் எம்ஸ் என்ற ஜேர்மன் நகரில் ஒப்பமிட்ட ஆணை அம்மொழி நூல்களின் இறக்குமதியையும் நாடகங்களையும் தடைசெய்தது. இல்லாத ஒரு மொழியைத் தடைசெய்ய இத்தனை ஆணைகள் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழும். இக்காலத்தில் உக்ரேனிய எழுத்து ஒஸ்திரிய ஆட்சியிலிருந்த கலிசியாவில், சிறப்பாக லிவிவ் நகரில், புகலிடம் தேடிக்கொண்டது. அங்கு இவான் ஃபிராங்கோ எழுதினார். 1894இல் அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக அமர்ந்த மிகைலோ ஹ்ருஷெவ்ஸ்கி, உக்ரேனின் வரலாற்றை ருஷ்ய அரச வரலாற்றின் கிளையாகவன்றித் தனியொரு மக்களின் வரலாறாக எழுதத் தொடங்கினார்.

அதே ஹ்ருஷெவ்ஸ்கிதான் 1917 மார்ச்சில் சார் ஆட்சி வீழ்ந்ததும் கீவ் நகரில் அமைந்த மத்திய ராடாவின் தலைவரானார். புட்டினின் கூற்றை மதிப்பிடுதற்கு இக்காலப்பகுதியே உரைகல்லாகும். ராடாவின் பெரும்பான்மையினர் சோஷலிஸ்டுகள். அதன் நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கிய வொலோதிமிர் வின்னிச்சென்கோ நாவலாசிரியரும் சமூக ஜனநாயகவாதியுமாவார். இவர்கள் தொடக்கத்திற் கேட்டது பிரிவினையன்று; ஜனநாயக ருஷ்யாவுக்குள் சுயாட்சி மட்டுமே. ஒக்டோபர் புரட்சியின் பின் 1917 நவம்பர் 20ஆம் திகதி வெளியான மூன்றாம் பிரகடனமும் உக்ரேனிய மக்கள் குடியரசை ருஷ்யக் கூட்டாட்சியின் ஓர் அங்கமாகவே அறிவித்தது. பெருநிலக்கிழாரின் உடைமையொழிப்பு, எட்டுமணிநேர வேலைநாள், மரணதண்டனை ஒழிப்பு, பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், அங்கு வாழ்ந்த ருஷ்யர், யூதர், போலந்தினர் ஆகியோருக்குத் தேசிய சுயாட்சி என்பன அதிலடங்கின. அவ்வாண்டு இறுதியில் அச்சான நூறு கார்போவனெட்ஸ் தாள் நாணயத்தில் உக்ரேனியம், ருஷ்யம், போலிஷ், யிட்டிஷ் ஆகிய நான்கு மொழிகளும் இடம்பெற்றன. புதிதாய்ப் பிறக்கும் தேசிய அரசுகள் தம் நாணயத்திற் சிறுபான்மையினரின் மொழிகளைப் பொறிப்பது அருமையினும் அருமை.

1917இன் இறுதியில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் உக்ரேனியப் பகுதிகளில் போல்ஷெவிக்குகள் பெற்றவை ஏறத்தாழ 10 வீத வாக்குகளே. டிசெம்பர் 17ஆம் திகதி பெத்ரோகிராட்டிலிருந்து ராடாவுக்கு இறுதி எச்சரிக்கை வந்தது. விசித்திரமான ஆவணம் அது. உக்ரேனியக் குடியரசுக்கு ருஷ்யாவிலிருந்து முற்றாகப் பிரியும் உரிமையும் உண்டென அது ஒப்புக்கொள்கின்றது. ஆயின் ராடாவை அம்மக்களின் பிரதிநிதியாக ஏற்க மறுத்து, தன் கோரிக்கைகளை நிறைவேற்றாவிடிற் போர் எனவும் கூறுகின்றது. உரிமை தேசத்துக்குண்டு, அதனைப் பிரயோகிக்கத் தகுதியானவர் யார் என்பதை மட்டும் நாமே தீர்மானிப்போம் என்பதே இதன் பொருள். செம்படை கீவ் நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தபோதுதான், 1918 ஜனவரி 22ஆம் திகதியிட்ட நான்காம் பிரகடனம் முழுச் சுதந்திரத்தை அறிவித்தது. எனவே லெனின் உக்ரேனை உருவாக்கினார் என்பதிலும், ஏற்கனவே உருவாகியிருந்ததொரு தேசிய இயக்கம் லெனினைத் தனக்கு விட்டுக்கொடுக்க வைத்தது என்பதே பொருத்தமாகும். உக்ரேன் சோவியத் குடியரசு என்ற வடிவமே அவ்விட்டுக்கொடுப்பின் விளைவு.

எனினும் ராடாவைப் புகழ்ந்துரைத்து நின்றுவிடுதல் வரலாறாகாது. நிலத்தை அறிவித்த வேகத்தில் அது பங்கிட்டுக் கொடுக்கவில்லை, உழவர் பொறுமையிழந்தனர். நகரங்களிற் பேரளவினர் உக்ரேனியரல்லர். தன்னைக் காக்க ஜேர்மன் படையை அழைத்தது. அப்படையோ ஏப்பிரலில் அதனைக் கலைக்க உடந்தையாகி ஸ்கோரொபாட்ஸ்கி என்னும் நிலக்கிழாரை ஆட்சியில் அமர்த்தியது. அவர் வீழ்ந்த பின் வந்த ஆட்சியில், 1919இல், பல்லாயிரக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டனர். ருஷ்ய வெண்படையினரும் ஏனைய ஆயுதக் குழுக்களும் இக்கொலைகளைச் செய்தனராயினும், பெரும்பங்கு உக்ரேனியக் குடியரசின் கொடியின் கீழ் நின்ற படையினரைச் சாரும். நாணயத்தில் யிட்டிஷ் எழுதிய குடியரசு யூதரின் உயிரைக் காக்கத் தவறியது. இவ்வுண்மையை மறைக்கும் தேசியவாத வரலாறுகள் பல உள. அவை உக்ரேனியருக்கு நன்மை செய்வனவல்ல.

1922 டிசெம்பரில், நோயுற்ற நிலையில், லெனின் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட குறிப்புகள் இங்கு நினைவுகூரத்தக்கவை. ருஷ்யப் பேரினவாதத்தின் முன் பிரிந்துசெல்லும் உரிமை வெறுங்கடதாசி ஆகிவிடும் என அவர் அஞ்சினார். அக்குறிப்புகள் சோவியத் நாட்டிற் பகிரங்கமாக வெளியிடப்பட்டது 1956இலேதான். இடைப்பட்ட காலத்தில் அவ்வச்சம் மெய்யாகிவிட்டது. 1923இல் தொடங்கிய உக்ரேனியமயமாக்கற் கொள்கையாற் பாடசாலைகளும் பத்திரிகைகளும் தாய்மொழிக்கு மாறின. பழம் போல்ஷெவிக்கான மிகோலா ஸ்கிரிப்னிக் 1927 முதற் கல்வி ஆணையாளராக இருந்து இதனை முன்னெடுத்தார். பின்னர் கூட்டுப்பண்ணைக் கொள்கை வந்தது. 1932 - 33இல் தானியம் முழுதும் பறிக்கப்பட்ட கிராமங்களிற் பஞ்சம் வந்தது. 1932 டிசெம்பர் 14ஆம் திகதிய தீர்மானம் தானியக் கொள்முதலையும் உக்ரேனியமயமாக்கலின் மீதான தாக்குதலையும் ஒரே தாளில் இணைத்தது. 1933 ஜனவரி 22ஆம் திகதி ஸ்டாலினும் மொலொட்டோவும் ஒப்பமிட்ட பணிப்புரை, பசித்த உழவர் உக்ரேனை விட்டு வெளியேறுவதைத் தடுத்தது. மூன்றரை முதல் நான்கு மில்லியன் வரையான மக்கள் மாண்டனர் என்பது இன்றைய குடித்தொகை ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. கசாக்கியரும் அக்காலத்திற் பஞ்சத்தால் மாண்டனர். தம் தொகைக்கேற்ப நோக்கின் அவர்களின் இழப்பு இன்னும் பெரிது. இனப்படுகொலை என்ற சொற்பிரயோகம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; எல்லைகள் அடைக்கப்பட்டமை பற்றி ஐயமில்லை. எழுத்தாளர் மிகோலா ஹ்விலொவி 1933 மே மாதத்திலும் ஸ்கிரிப்னிக் யூலை மாதத்திலும் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டனர்.

இரண்டாம் உலகப் போர்க்கால வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. தீவிர தேசியவாதிகள் ஹிட்லரின் ஜேர்மனியுடன் கூட்டுச் சேர முயன்றதும், 1943இல் வொலினியாவிற் போலந்துக் கிராமத்தவரைக் கொன்றதும், பன்மடங்கு அதிகமான உக்ரேனியர் செம்படையில் நின்று ஹிட்லரை எதிர்த்ததும் ஒருங்கே உண்மை. 1945இல் உக்ரேன் ஐக்கிய நாடுகள் சபையின் தொடக்க உறுப்பினராயிற்று. உலக அரங்கில் ஆசனம் இருந்தது. சொந்தமாகக் கைதூக்கும் உரிமை இருக்கவில்லை.

மார்க்சிய நோக்கினர்க்குச் சிறப்பாக அக்கறை தரவேண்டியவர் இவான் ஜியூபா. தொழிலாளர் பிரதேசமாகிய டொன்பாசிற் பிறந்து அங்கேயே கல்வி கற்ற திறனாய்வாளர் அவர். 1965 செப்டெம்பர் 4ஆம் திகதி கீவ் நகரில் பரஜானொவ் இயக்கிய 'மறந்துபோன மூதாதையரின் நிழல்கள்' திரைப்படம் காட்டப்பட்டபோது, அரங்கிலே எழுந்து, அறிவாளிகள் இரகசியமாகக் கைதுசெய்யப்படுவதைப் பகிரங்கப்படுத்தினார். அவ்வாண்டிலேயே 'சர்வதேசியமா? ருஷ்யமயமாக்கலா?' என்ற நூலை எழுதி உக்ரேனியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கே அனுப்பிவைத்தார். அந்நூலின் பலம் அதன் மேற்கோள்களில் உள்ளது. லெனினையும் கட்சி மாநாடுகளின் தீர்மானங்களையும் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டி, நீங்கள் செய்துகொண்டிருப்பது உங்கள் ஆசானுக்கே முரணானது என அவர் நிறுவினார். அடுத்த ஆண்டு, நாசிகள் யூதரைக் கொன்று புதைத்த பாபி யார் பள்ளத்தாக்கில் நின்று, யூத வெறுப்பை உக்ரேனியர் தம் உள்ளத்திலிருந்தே களைய வேண்டும் எனப் பேசினார். 1919இன் பழியை உணர்ந்தவரின் தேசியம் இது. 1972இல் கைதானார், ஐந்தாண்டுத் தண்டனை பெற்றபின் 1973இல் தம் கருத்துகளை மறுத்து எழுதிக்கொடுத்து விடுதலையானார். அவரை இகழ்ந்தோர் பலர். சிறைக்கு வெளியேயிருந்து இகழ்தல் எளிது. மறுக்காத கவிஞர் வசில் ஸ்டுஸ் 1985 செப்டெம்பரில் பேர்ம் பகுதிச் சிறைமுகாமில் உயிரிழந்தார்.

அதன்பின் நிகழ்ச்சிகள் விரைந்தன. 1986 ஏப்பிரல் 26இல் செர்னோபில் அணுவுலை வெடித்தது. காற்றில் நஞ்சு கலந்திருந்த வேளையிற் கீவ் நகரில் மேதின ஊர்வலம் வழமைபோல் நடத்தப்பட்டது. மக்களுக்கு உண்மையை மறைக்கும் ஆட்சி எத்தகையது என்பதை இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் மாணவர்கள் கீவ் மத்திய சதுக்கத்தின் கருங்கற்றளத்திற் கூடாரமிட்டு உண்ணாவிரதம் இருந்தனர்; புதிய யூனியன் உடன்படிக்கையில் ஒப்பமிடலாகாது, பலகட்சித் தேர்தல் வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளுட் சில. இரு வாரங்களிற் பிரதமர் மசோல் பதவி துறக்க நேர்ந்தது. 1991 டிசெம்பர் 1ஆம் திகதிய சர்வஜன வாக்கெடுப்பில் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் சுதந்திரத்தை ஆதரித்தனர். ருஷ்ய மொழி பேசுவோர் மிகுந்த டொனெட்ஸ்க் பகுதியில் ஏறத்தாழ 84 வீதம். கிரைமியாவிற்கூட 54 வீதம். மொழியை மட்டும் அளவுகோலாகக் கொண்டு அந்நாட்டைக் கூறுபோடுவோர் இவ்வெண்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

சுதந்திரம் கிடைத்ததும் ஜனநாயகம் தானாக வந்துவிடவில்லை. அரச சொத்துகள் ஒரு சிலரின் கைக்குப் போயின; ஊழல் வேரூன்றியது. ஆயினும் 1994இற் பதவியிலிருந்த ஜனாதிபதி கிராவ்சுக் தேர்தலில் தோற்று அமைதியாக விலகினார். 2004இல் மோசடி செய்யப்பட்ட தேர்தலை மக்கள் திரண்டெதிர்த்தனர். உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கி மீண்டும் வாக்கெடுப்பு நடத்தப் பணித்தது. 2013 - 14 குளிர்காலத்தில் ஏறக்குறைய நூறு பேர் உயிர்கொடுத்த பின் யனுக்கோவிச்சின் ஆட்சி வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து ருஷ்யா கிரைமியாவை இணைத்துக்கொண்டது. 1994இல் அணுவாயுதங்களைக் கையளித்ததற்கு ஈடாக எல்லைகளை மதிப்போமென அதே ருஷ்யா புடாபெஸ்ட் நகரில் ஒப்பமிட்டிருந்தது. ஜியூபா 2022 பெப்ரவரி 22ஆம் திகதி, உக்ரேனை லெனினின் படைப்பென்ற உரைக்கு மறுநாள், காலமானார்.

போர்க்கால இராணுவச் சட்டத்தின் காரணமாக 2024இல் நடக்கவேண்டிய ஜனாதிபதித் தேர்தல் நடைபெறவில்லை. அதனைச் சுட்டிக்காட்டி அங்கு ஜனநாயகம் மடிந்துவிட்டது எனச் சிலர் எழுதினர். 2025 யூலை 22ஆம் திகதி, ஊழலை விசாரிக்கும் இரு நிறுவனங்களின் சுயாதீனத்தைக் குறைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஜனாதிபதி ஸெலென்ஸ்கி அன்றே ஒப்பமிட்டார். அன்று மாலையே கீவிலும் லிவிவிலும் ஒடேசாவிலும் இளைஞர்கள், கையால் எழுதிய காகித அட்டைகளை ஏந்தி வீதிக்கு வந்தனர். யூலை 31ஆம் திகதி அந்நிறுவனங்களின் அதிகாரங்களை மீளளிக்கும் புதிய சட்டம் நிறைவேறியது.