செயலா, ஆளா? மும்பைத் தெருவொழுங்கு விதிகளின் சொல் வரலாறு

1. முன்னுரை

ஒரு நகரின் ஆட்சியமைப்பு தன் தெருக்களில் எவற்றைப் பொறுத்துக்கொள்ளலாகாது எனக் கருதியது என்பதை அதன் விதிகள் காட்டும். அவ்விதிகள் செயலைச் சுட்டுகின்றனவா, ஆளைச் சுட்டுகின்றனவா என்பது இலக்கணம் சார்ந்த வினா மட்டுமன்று. தெருவில் நிற்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை முடிவு செய்யும் வினாவும் ஆகும். தமிழர் மிகுதியாக வாழ்ந்துவரும் மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளோடு தொடர்புடைய விதிகளையும் அமைப்புகளையும் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர்ச்சொல் காலம் காட்டாது, வினையடியாகப் பிறந்த பெயரே காட்டும் என்பது தொல்காப்பியம் முதலாக வரும் கொள்கை. 'திருடியவன்' என்னும் வினையாலணையும் பெயர் இறந்தகாலம் காட்டும். செயல் ஒருநாள் நிகழ்ந்து முடிந்தது என்பது அதனுள் அடங்கும். 'திருடன்' என்பதில் காலம் இல்லை. நேற்றும் நாளையும் அவன் திருடனே. 'திருடுதல்' என்னும் தொழிற்பெயரிலோ காலமும் இல்லை, ஆளும் இல்லை. தெருவொழுங்கு விதிகளை இம்மூன்று வடிவங்களின் துணையால் வகைப்படுத்தலாம்.

2. மாதுங்கா: வீடற்றோர் என்னும் அடைமொழி

பம்பாய் நகராட்சி ஆணையராக இருந்த எச். ஏ. ஆக்வொர்த் 1890இல், அந்நாளில் நகரின் விளிம்பாக இருந்த மாதுங்காவில், தொழுநோயாளர்க்கு ஒரு புகலிடம் நிறுவினார். அதன் பெயர் 'வீடற்ற தொழுநோயாளர் புகலிடம்' என்பதாகும். அடைமொழி இங்குக் கருதத்தக்கது. வீட்டினுள் இருந்த நோயாளி அப்பெயரில் அடங்கவில்லை. தெருவில் காணப்பட்டவரே அடங்கினார். 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமும் இவ்வழியையே பின்பற்றியது. வெளிப்படையாகப் பிச்சை கேட்பவர், புண்ணைக் காட்டுபவர், பிழைக்கும் வழி தெரியாமல் திரிபவர் ஆகிய தொழுநோயாளரையே அது 'வறிய தொழுநோயாளர்' என வரையறுத்தது. நோயைவிட வறுமையும், வறுமையைவிட அது தெருவில் தென்படுதலும் சட்டத்தின் இலக்காயின.

இவ்வாணையர் மொழிபெயர்ப்பாளரும் ஆவார். சங்கர் துக்காராம் சாளிகிராமுடன் இணைந்து மராத்தியப் 'போவாடா' என்னும் வீரக்கதைப் பாடல்களைத் தொகுத்தார். அவற்றுள் சிலவற்றை ஆங்கிலச் செய்யுளாக்கி 1894இல் வெளியிட்டார். அப்பாடல்களைக் காத்துவந்தோருள் கோந்தளிகள் முக்கியமானவர்கள். ஊர் ஊராகச் சென்று பாடி, கேட்போர் தருவதைப் பெற்று வாழ்ந்த மரபினர் அவர்கள். அவர்தம் பாடல் இலக்கியமாயிற்று. அவர்தம் வாழ்முறையோ பின்னர் வந்த சட்டம் ஒன்றின் வரையறைக்குள் விழுந்தது.

3. செம்பூர்: பிச்சையின் வரையறை

1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டமே அது. பாடுதல், ஆடுதல், குறி சொல்லுதல், வித்தை காட்டுதல், விற்பதற்கெனப் பொருளை நீட்டுதல் ஆகியவற்றின் பெயரால் பொது இடத்தில் பிச்சை கேட்பதையும் பெறுவதையும் இச்சட்டம் குற்றமாக்கியது. பிழைக்கும் வழி வெளிப்படையாகத் தெரியாமல், பிச்சையால் வாழ்பவர்போலத் தோன்றும் நிலையில் பொது இடத்தில் திரிவதும் பிச்சையெடுத்தலே என்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல் இங்கு மீண்டும் வருவதைக் காணலாம்.

சட்டத்தின் தலைப்பில் இருப்பது 'பிச்சையெடுத்தல்' என்னும் தொழிற்பெயர். வரையறையின் இறுதிப்பகுதிக்கோ செயல் எதுவும் தேவைப்படவில்லை, தோற்றமே போதுமானது. முதன்முறை பிடிபட்டவரை 1 முதல் 3 ஆண்டு வரையும், மீண்டும் மீண்டும் பிடிபட்டவரை 10 ஆண்டு வரையும் அடைத்துவைக்க இச்சட்டம் இடமளித்தது. பம்பாயில் அவ்வாறு பிடிபட்டோரை வைக்கும் பிச்சைக்காரர் இல்லம் செம்பூரில் அமைந்தது. இவ்வாறு தொழிற்பெயராகத் தொடங்கிய சொல், இல்லத்தின் பெயர்ப்பலகையில் ஆட்பெயராக முடிந்தது. தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்த இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018இல் செல்லாதவை என அறிவித்தது. அத்தீர்ப்பு தில்லியளவில் நின்றது.

4. தடீபார்

1951ஆம் ஆண்டின் பம்பாய்க் காவல் சட்டம், பின்னர் மகாராட்டிரக் காவல் சட்டம் எனப் பெயர் மாறியது. அதன் 55 முதல் 57 வரையான பிரிவுகளின்படி, ஒருவரைக் குறித்த எல்லைக்கு வெளியே 2 ஆண்டு வரை விலக்கிவைக்கலாம். சாட்சிகள் அச்சத்தால் வெளிப்படையாகச் சாட்சி சொல்ல முன்வராத நிலையில் பயன்படும் வழியாக 56ஆம் பிரிவு அமைந்தது. இவ்விலக்கத்தை மராத்தியர் 'தடீபார்' என்பர். 'தட்' என்பது கரை. 'பார்' என்பது அப்பால். ஆகவே கரைக்கு அப்பால் அனுப்புதல் என்பது பொருள்.

இச்சொல்லைத் தமிழாக்குவது எளிதன்று. 'நாடு கடத்தல்' மிகையாகும்; விலக்கப்படுபவர் அடுத்த மாவட்டத்தில் வாழலாம். 'ஊர்விலக்கு' சாதிக் கட்டுப்பாட்டின் நினைவைத் தரும். 'எல்லைநீக்கம்' பொருந்தும், எனினும் கரையும் ஆறும் அதில் மறையும். ஒலிபெயர்த்தாலோ, தமிழ்ச் செவிக்குத் 'தடியைப் பார்' என்று பொருள் திரியும்.

1981இல் மகாராட்டிரமும் 1982இல் தமிழ்நாடும் இயற்றிய தடுப்புக்காவல் சட்டங்கள் ஒருபடி மேலே சென்றன. முன்னது, பின்னாளில் வந்த திருத்தத்தின் வழியாக, 'ஆபத்தான ஆள்' என்றும் பின்னது 'குண்டர்' என்றும் பெயரிட்டன. இரண்டின் வரையறையிலும் 'வழக்கமாக' என்னும் வினையடையே பெயரைச் செயலோடு பிணைக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'குண்டர் சட்டம்' என்று சுருங்கியபோது அவ்வினையடையும் உதிர்ந்தது. காலம் காட்டாப் பெயர் மட்டும் எஞ்சியது.

5. தாராவி: பெயரிடும் உரிமை

1992 டிசம்பர், 1993 சனவரி கலவரங்களுக்குப் பின்னர் பம்பாயில் மொகல்லா குழுக்கள் தோன்றின. காவல் ஆணையர் சதீஷ் சாஹ்னி, முன்னாள் காவல் அதிகாரி சூலியோ ரிபேரோ, சமூகப் பணியாளர் சுஷோபா பார்வே ஆகியோர் இம்முயற்சியில் ஈடுபட்டனர். கலவரத்தால் பெரிதும் பாதிக்கப்பட்ட தாராவியிலும் அக்கம்பக்கத்தாரும் காவலரும் ஒன்றாக அமர்ந்து பேசும் வழக்கம் உருவாயிற்று.

2004இல் ஆணையரான ஏ. என். ராய், தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்புடன் இணைந்து குடியிருப்புகளில் காவல் பஞ்சாயத்துகளை அமைத்தார். அக்கூட்டமைப்பை நிறுவிய சோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். செம்பூரை அடுத்த சனதா காலனி 1976இல் அகற்றப்பட்டதை எதிர்த்துப் போராடியவர். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் குடியிருப்பைச் சேர்ந்த 7 பெண்களும் 3 ஆண்களும், காவலர் ஒருவரும் இடம்பெற்றனர். குடிபோதைச் சண்டை, அண்டைவீட்டுப் பூசல், குடும்பத் தகராறு ஆகியவை அங்கே பேசித் தீர்க்கப்பட்டன. கடுங்குற்றங்கள் காவல் நிலையத்திற்கே சென்றன.

முன்னைய முறைகளில், தொல்லை எது என்று பெயரிடும் உரிமை சட்டத்திடமும் அதிகாரியிடமும் இருந்தது. இங்கு அது தொல்லையுற்றவரிடம் வந்தது. அண்டைவீட்டார் 'குண்டர்' என்று முறையிட வேண்டியதில்லை; 'நேற்றிரவு குடித்துவிட்டுக் கதவை உடைத்தார்' என்று காலம் காட்டும் வினைமுற்றால் முறையிடலாம். அத்தகைய முறையீட்டுக்கு முடிவு உண்டு; கதவு பழுதுபார்க்கப்பட்டால் வழக்கும் முடியும். குடியிருப்பின் வலியோர் கைக்குப் பஞ்சாயத்து சென்றுவிடும் இடர் இம்முறையிலும் உண்டு. பெண்களுக்குப் பெரும்பான்மை தந்தது அதற்கு ஒருவகைத் தடுப்பு எனலாம்.

6. முடிவுரை

மாநகராட்சியின் 2006ஆம் ஆண்டுத் தூய்மைத் துணைவிதிகள், பொது இடத்தில் எச்சில் துப்புதலுக்கும் சிறுநீர் கழித்தலுக்கும் 200 ரூபாய் தண்டம் விதித்தன. இவை தொழிற்பெயர்களால் அமைந்த விதிகள். தண்டம் செலுத்தியவர் 'துப்பியவர்' ஆவாரேயன்றித் 'துப்புநர்' என்னும் வகையினர் ஆகார். எனினும், கழிப்பிடம் போதாத குடியிருப்பில் இத்தகைய விதியும் ஆளையே சென்று தாக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றுக்கான 1998ஆம் ஆண்டின் சட்டம், பிறர்க்கு அலைக்கழிப்போ அச்சமோ மன உளைச்சலோ தரும் நடத்தை பற்றியது. தடையாணை கோரும் உரிமையை அது உள்ளாட்சி மன்றங்களுக்கும் தந்தது. தமிழ் இதழ்களில் இதற்கு இணையாகப் பெரிதும் வழங்குவது 'சமூக விரோதிகள்' என்னும் ஆட்பெயர். நடத்தையைக் குறித்த தொடர் ஆளைக் குறித்த சொல்லாக மாறும்போது, மூலச் சட்டம் தராத அதிகாரத்தை மொழிபெயர்ப்பு தந்துவிடுகிறது. மூலம் செயலைச் சுட்டினால் 'பிறர்க்குத் தொல்லை தரும் நடத்தை' என்பது போன்ற தொடரையும், ஆளைச் சுட்டினால் ஆட்பெயரையும் ஆள்வதே முறை. மாதுங்கா முதல் தாராவி வரையான வரலாறு, அவ்வேறுபாடு ஒருவரது ஓரிரவுத் தண்டனைக்கும் பத்தாண்டு அடைப்புக்கும் இடையிலான வேறுபாடாக இருந்ததைக் காட்டுகிறது.